யோவ்! மெர்ன்ஸ் பண்ணையில ஆறு நாள்

நாள் 1, வியாழன்

"நீங்க முழுகாம இருக்கீங்களா?"

செம்மறியாடு குட்டி போடற சீசனுக்கு ஒத்தாசைக்கு வரட்டுமான்னு போன்ல கேட்டேன், அதுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னப் பொண்ணு குரல் கேட்ட மொத கேள்வி இது. எனக்கு 34 வயசு, கல்யாணம் ஆகல, எங்கூர்ல இந்தக் கேள்விக்கு முன்னாடி கேக்கவேண்டிய கேள்வி ஒண்ணு இருக்குது, அதைத்தான் பத்துப் பதினஞ்சு வருஷமா எல்லா விசேஷ வீட்டுலயும் கேட்டுக்கிட்டிருக்காங்க, அதைத் தாண்டி நேரா ரெண்டாவதுக்குப் போன மொத ஆளு இவதான். காரணம் இருக்குது. சினையாடு, நஞ்சுக்கொடி, புதுக்குட்டி, இதுலேர்ந்தெல்லாம் டாக்ஸோபிளாஸ்மா மாதிரி கிருமி ஒட்டிக்கிட்டா வயித்துல இருக்கற புள்ளைக்கு ஆபத்து, அதனால கர்ப்பமா இருக்கறவங்க இந்த சீசன்ல ஆட்டுப்பக்கமே போகாதீங்கன்னு இங்க ஆஸ்பத்திரிலயே சொல்லுவாங்க. இல்லைங்கன்னு சொன்னேன். "அப்ப வாங்க, போனாப் போகட்டும்ங்கற துணியா எடுத்துட்டு வாங்க"ன்னுட்டு வெச்சுட்டா.

ஸ்காட்லாந்துல, அபர்டீன்ல நான் வேலை பாக்கற லேப்ல ஒரு அம்மா இருக்காங்க, அவங்களோட தூரத்துச் சொந்தம் இந்தப் பண்ணை. ஈஸ்டர் லீவோட ரெண்டு நாள் சேத்துப் போட்டு ஆறு நாளாக்கிக்கிட்டேன். அபர்டீன்லேர்ந்து தெக்கால ரயில், ஸ்டோன்ஹேவன் வரைக்கும் இடது பக்கம் கடலும் பாறையுமா வரும், அதுக்கப்புறம் உள்ள திரும்பினா லாரன்ஸ்கர்க், இந்தப் பக்கத்துக்குத்தான் மெர்ன்ஸ்னு பேரு. இந்த ஸ்டேஷனை 1967ல மூடிட்டாங்களாம், 42 வருஷம் ரயில் நிக்காமயே போயிட்டிருந்து 2009லதான் திரும்பத் தொறந்தாங்க. எறங்கினதும் நான் பாத்தது மண்ணு. செக்கச்செவேல்னு செம்மண்ணு, உருளைக்கிழங்குக்கு ஓட்டிப் போட்டிருந்தாங்க. ஸ்காட்லாந்துன்னா பச்சைன்னு நெனச்சுட்டு வந்தவளுக்கு காங்கேயம் ரோட்டுல பஸ் எறங்கினாப்ல இருந்துச்சு, குளிரு மட்டும் இல்லாம இருந்தா.

கூட்டிட்டுப் போக போன்ல பேசின அவளே பிக்கப்ல வந்திருந்தா. 19 வயசு, கைல வெட்டுக்காயத்துக்கு நீல கலர் டேப்பு, முன் சீட்டுல ஒரு நாய், நாய்க்கு மெக்னு பேரு, எனக்கு எடம் விடவே இல்ல. ஃபெட்டர்கெய்ர்ன் ஊருக்குள்ள போகும்போது ரோட்டுக்குக் குறுக்க ஒரு பெரிய கல் வளைவு, 1861ல விக்டோரியா ராணி வந்து ஒரு ராத்திரி தங்கினாங்கன்னு ஞாபகத்துக்குக் கட்டினது. அதைத் தாண்டி மலையடிவாரத்துல பண்ணை. வழியெல்லாம் முள்ளுப்புதர்ல மஞ்சப்பூ, இங்க அதை வின்னுன்னு சொல்றாங்க, கண்ணாடிய எறக்கினேன், தேங்காய் வாசம்! நெசமாவே. தேங்காய் பர்ஃபி கிண்டற வீட்டு வாசல்ல நிக்கற மாதிரி. கேரளாக்காரங்க யாராச்சும் இங்க குடிவந்தா அழுதுருவாங்க.

வீட்டுல மூணு பேரு. அவ அப்பா, மார்ச்சுல இடுப்பு எலும்பு மாத்தற ஆபரேஷன் ஆகி ரெண்டு ஊன்றுகோலோட சமையக்கட்டு ஜன்னல்கிட்டயே ஒக்காந்திருக்கார், கழுத்துல பைனாகுலர். அவரோட அம்மா, 82 வயசு. அப்பறம் இவ. அம்மா கெடையாது, இவளுக்குப் பத்து வயசுல தவறிட்டாங்க. அண்ணன் ஒருத்தன் வடகடல்ல எண்ணெய்க் கெணத்துல வேலை.

300 ஆடு. இந்த வருஷம்தான் மொத தடவையா குட்டி எடுக்கறது முழுக்க இவ தலைல.

நாள் 2, வெள்ளி

காலைல அஞ்சே முக்காலுக்கு ஜன்னல் தொறந்து அப்பா கத்தறார், "யோவ்! யோவ்!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டுருச்சு. நேத்துதான வந்தேன், அதுக்குள்ளயான்னு. அப்பறம்தான் தெரிஞ்சுது, இந்தப் பக்கத்துப் பேச்சுல பொட்டை ஆட்டுக்குப் பேரே யோவ். இவங்க பேசறது டோரிக், ஸ்காட்ஸ் மொழில வடகெழக்குப் பேச்சு. எப்படி இருக்கேன்னு கேக்கறதுக்கு "ஃபிட் லைக்". பொண்ணுக்கு குவைன், பையனுக்கு லூன். அப்பா மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் இன்னும் கேக்கல, குவைன் குவைன்னுதான், எங்கப்பா என்னைய கண்ணுன்னு கூப்பிடற மாதிரின்னு வெச்சுக்கலாம், ஆனா எங்கப்பா கண்ணுன்னா கொஞ்சறது, இவர் குவைன்னா அடுத்து ஒரு வேலை வரும்.

ஜன்னல்லேர்ந்து அவர் காட்டினது மேட்டுக்காட்டுல தனியா ஒதுங்கி நின்ன ஒரு ஆடு. கூட்டத்தை விட்டு ஒதுங்கறது, முன்னங்காலால தரையச் சொரண்டறது, ஒக்காந்து எந்திரிச்சு ஒக்காந்து எந்திரிச்சு மேல வானத்தைப் பாக்கறது, அப்ப வலி வந்தாச்சுன்னு அர்த்தம். இது எனக்குத் தெரியும். கொறங்காட்டுல, அதான் எங்க மேய்ச்சக்காட்டுல, ஆத்தாகூட ஆடு மேச்சவ நான், கிளுவை முள்ளு வேலிக்குள்ள எங்க மேச்சேரி ஆடு முப்பது இருந்துச்சு. என்ன ஒண்ணு, எங்க ஆடு பெரும்பாலும் ஒரே ஒரு குட்டி போடும், அதும்பாட்டுக்குப் போட்டுட்டு நக்கிக்கிட்டு நிக்கும். இங்க ரெட்டையும் மூணும் சகஜம். குளிர்காலத்துலயே ஆள் வந்து ஒவ்வொரு ஆட்டுக்கும் ஸ்கேன் பண்ணி முதுகுல கலர் பொட்டு வெச்சுட்டுப் போயிருக்கார், ஒத்தைக்கு ஒரு கலர், மூணுக்கு ஒரு கலர், அதுக்குத் தக்கபடி தீனி. சினை 147 நாள். நவம்பர் 5, இவங்க பட்டாசு வெடிக்கற ராத்திரி கிடாவை உள்ள விட்டா ஏப்ரல் 1 முட்டாள்கள் தினத்துக்குக் குட்டின்னு ஒரு கணக்குச் சொல்றாங்க, இவங்க மலையடின்னு ஒரு வாரம் தள்ளி விட்டிருக்காங்க.

மத்தியானம் கொட்டாய்ல ஒரு மூணுக்குட்டிக்காரி. ஒரு மணி நேரம் முக்கியும் ஒண்ணும் வரல. அவ என் கையப் பாத்தா. "உன் கை சின்னது."

அவ்ளோதான், அதுதான் இன்டர்வியூ. முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவி, வழவழன்னு ஜெல் தடவி, உள்ள விட்டேன். சூடு, அதை எதிர்பாக்கவே இல்ல, வெளிய ஆறு டிகிரில வெறச்சிருந்த வெரலுக்கு அந்தச் சூடு வலிச்சுது. உள்ள காலு காலா இருக்குது, எது எந்தக் குட்டியோடதுன்னே தெரியல. அவ என் காதுகிட்ட நின்னு சொல்றா: ஒரு காலைப் புடி, மூட்டை மடக்கிப் பாரு, ரெண்டு மூட்டும் ஒரே பக்கம் மடங்கினா முன்னங்கால், எதிரெதிரா மடங்கினா பின்னங்கால், முன்னங்கால்னா அப்படியே மேல தடவிட்டே தோள்பட்டைக்குப் போ, தோள்லேர்ந்து கழுத்து, கழுத்துலேர்ந்து தலை, அதே தோள்லேர்ந்து அடுத்த காலு, விடாத, வெரலை எடுத்தீன்னா வேற குட்டிக்குப் போயிருவ. நான் கண்ண மூடிக்கிட்டேன். ரெண்டு முன்னங்காலு, நடுவுல மூக்கு. இழுன்னா. ஆடு முக்கும்போது மட்டும், கீழ்ப்பக்கமா.

மஞ்சளா, வழுக்கிட்டு, உயிரோட வந்துச்சு. அவ மூக்கைத் துடைச்சுட்டு வைக்கோலை எடுத்து நாசில குத்தினா, தும்முச்சு. நடுவுல அவ போன் அடிச்சுக்கிட்டே இருக்குது. அப்பாதான், சமையக்கட்டுலேர்ந்து. எத்தனை வந்துச்சு, அயோடின் வெச்சியா, சீம்பால் குடிச்சுதா. நாலாவது தடவை அடிச்சப்ப போனை எடுத்து தீவன வாளில போட்டு மேல கோணியப் போட்டு மூடிட்டா.

மூணும் பொழச்சுது. தொப்புள்ள அயோடின், ஆறு மணி நேரத்துக்குள்ள வயிறு ரொம்ப சீம்பால், அப்பறம் அம்மா மேலயும் குட்டிங்க மேலயும் ஒரே நம்பர் ஸ்ப்ரே. 112.

கையக் கழுவினேன், போகல வாசம். போகவேண்டாம்னும் இருந்துச்சு.

நாள் 3, சனி

பனி. ஏப்ரல் மாசத்துல. இங்க யாருக்கும் அது அதிசயமா தெரியல. மூணு மணி நேரம் பேஞ்சு, மத்தியானம் வெயில் வந்து ஒண்ணுமே நடக்காத மாதிரி ஆயிருச்சு, நடுவுல ரெண்டு குட்டி வெறச்சு அடுப்புக்குக் கீழ அட்டைப்பெட்டிக்குள்ள.

ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், ரொம்பக் களைப்பு. மேட்டுக்காட்டுல ஒரு ஆடு மல்லாக்கப் படுத்து நாலு காலும் வானத்துல ஆட்டிக்கிட்டுக் கெடந்துச்சு, நான் சிரிச்சுட்டேன், அவ க்வாட் பைக்கை விட்டுக் குதிச்சு ஓடறா. வயித்துல கனத்தோட, மேல ஈரக் கம்பளியோட மல்லாந்துட்டா அதால திரும்ப முடியாதாம், வயித்துல காத்து சேந்து நுரையீரலை அமுக்கி சில மணி நேரத்துல செத்துரும். அதுக்கு முன்னாடியே காக்கா வந்து கண்ணைக் கொத்தும். அவ போயி கம்பளியப் புடிச்சு ஒரே தள்ளு, நிமுத்தி, ரெண்டு காலுக்கு நடுவுல ஆட்டை நிக்கவெச்சுக்கிட்டு ரெண்டு நிமிஷம் அசையாம நின்னா, அதுக்குத் தலை சுத்தல் போகணும்ல. அப்ப அவ மொகத்தப் பாத்தேன். நான் சிரிச்சத அவ கேக்கல, கேட்டிருந்தா தேவல.

நாள் 4, ஈஸ்டர் ஞாயிறு

பாட்டியப் பத்தி இன்னும் எழுதல. பேர் சொல்லித்தான் கூப்பிடணும், 82 வயசு ஆளை, எனக்கு வாய் வரல, மூணு நாள் எதுவுமே கூப்பிடாம "எக்ஸ்க்யூஸ் மீ"லயே ஓட்டிட்டேன். இன்னிக்கி அவங்களே கேட்டாங்க, உங்க ஊர்ல என்னைய மாதிரி கெழவிய எப்படிக் கூப்பிடுவீங்கன்னு. ஆத்தான்னு சொன்னேன். "ஆட்டா"ன்னு சொல்லிப் பாத்தாங்க. ஆட்டுக்கு நடுவுல இருக்கறவங்களுக்கு அதுவும் பொருத்தம்தான்னு விட்டுட்டேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அண்ணன் வந்தான். ரெண்டு வாரம் கடல்ல, மூணு வாரம் தரைல, அதான் அவன் டூட்டி. நல்ல மனுஷந்தான், வந்ததும் பாட்டிக்கு டாஃபடில் பூ, எனக்குக் கை குடுத்தான், தட்டுல கறியப் போட்டுக்கிட்டே அப்பாகிட்ட சாதாரணமா கேட்டான், ரோட்டோரம் இருக்கற கீழ்க்காட்டுல நாலு வீட்டு மனை போட்டா என்ன, ஒருத்தர் கேக்கறார்னு. அப்பா உருளைக்கிழங்கை நசுக்கிக்கிட்டே இருந்தார், அது ஏற்கெனவே நசுங்கித்தான் இருந்துச்சு. இவ தலை நிமிராம சொன்னா, "கீழ்க்காட்டுல இப்ப 40 யோவ் குட்டியோட நிக்குது. சாப்பிட்டுட்டு வா, ஒவ்வொண்ணுகிட்டயும் கேட்டுருவோம்."

யாரும் சிரிக்கல. பாட்டி மட்டும் புட்டிங் எடுக்க எந்திரிச்சாங்க, நானும் கூடப் போனேன், அடுப்புக்கிட்ட நின்னுக்கிட்டு மெதுவா சொன்னாங்க.

1962ல அவங்க அப்பா உயில் எழுதாமயே போயிட்டார். ஏழு மைல் தள்ளி வேற பண்ணை அது. இவங்கதான் மூத்தவங்க, 19 வயசு, பால் கறக்கறதுலேர்ந்து குதிரை ஏர் வரைக்கும் தெரியும். தம்பிக்கு 15. அன்னிக்கிச் சட்டம் என்னன்னா நெலம், வீடு எல்லாம் மூத்த ஆம்பளப் புள்ளைக்கு, அவனுக்கு மேல எத்தனை அக்கா இருந்தாலும் சரி. ரெண்டு வருஷம் கழிச்சு, 1964 செப்டம்பர்ல, அந்தச் சட்டத்தையே தூக்கிட்டாங்க. "ரெண்டு வருஷம்"னு ரெண்டு வெரலைக் காட்டினாங்க, மாவு ஒட்டியிருந்த வெரல். தம்பி நல்லவன்தானாம், வேலைக்கு வெச்சுக்கறேன்னு சொன்னானாம். அடுத்த வருஷமே இந்த வீட்டுக்குக் கல்யாணம் பண்ணிக்கிட்டு வந்துட்டாங்க.

சாயங்காலம் கொட்டாய்ல இதை அவகிட்ட சொன்னேன். அவளுக்குத் தெரியும், அபர்டீன் பக்கத்துல விவசாயக் காலேஜ்ல படிக்கறா, சட்டமும் ஒரு பாடமாம். இன்னிக்கும் கதை முழுசா மாறலைன்னா. உயில்ல பேர் இல்லாத புள்ளைங்க ஆடு, ட்ராக்டர், பேங்க்ல இருக்கற பணம், இதுல பங்கு கேக்கலாம், நெலத்துல கேக்க முடியாது, அப்பா யாருக்கு எழுதறாரோ அவங்களுக்கு. 2017ல ஸ்காட்லாந்து அரசாங்கமே ஒரு ஆராய்ச்சி பண்ண வெச்சுது, அதுலயும் இதான் வந்துச்சு, பொண்ணுங்க விவசாயத்துக்கு வர்றதுக்குப் பெரிய தடை பண்ணையப் பிரிக்காம ஒரே ஒரு மகனுக்குக் குடுக்கற பழக்கம்னு. "உனக்கு எழுதியிருக்காரா?"ன்னு கேட்டுட்டேன், கேட்டிருக்கக்கூடாது. தெரியாதுன்னா. இந்த வீட்டுல அதை யாரும் பேசமாட்டாங்களாம்.

எங்க வீட்டுல பேசுவாங்க. பேசி முடிச்சும் ஆச்சு. 1989லயே தமிழ்நாட்டுல பொண்ணுக்கும் சம பங்குன்னு சட்டம் வந்துருச்சு, 2005ல நாடு முழுக்க வந்துருச்சு, சட்டத்துல கொறையே இல்ல. அதனாலதான் எங்கண்ணன் விடுதலைப் பத்திரம் தயார் பண்ணி வாட்ஸப்ல அனுப்பியிருக்கான், உனக்கெதுக்கு சாமி அங்கெல்லாம் இருந்துக்கிட்டு, கொறங்காட்டைக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துரு, எடின்பரோ தூதரகத்துல பவருக்கு அட்டெஸ்ட் பண்ணி அனுப்புன்னு. அடுத்த செவ்வாய்க்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கி வெச்சிருக்கேன். இதை அவகிட்ட சொல்லல.

நாள் 5, திங்கள் ராத்திரி, அதாவது செவ்வாய் விடிகாலை

தூக்கம் வரல, எழுதி முடிச்சுடறேன்.

ராத்திரி ரெண்டு மணி, கொட்டாய்க்குள்ள நாங்க ரெண்டு பேரு, ஃப்ளாஸ்க்ல டீ. இங்க டீக்கு ஃப்ளை கப்புன்னு பேரு. எப்ப ஆட்டுக்குப் போறத நிறுத்தினேன்னு கேட்டா. 13 வயசுலன்னேன். ஏன்னா? எப்படிச் சொல்றது இதை. வயசுக்கு வந்துட்டேன், மாமா தென்னங்கீத்துல குச்சு கட்டினாங்க, தனித் தட்டு, தனி டம்ளர், பதினோரு நாள் அதுக்குள்ள ஒக்காந்திருந்தேன், அப்பறம் தண்ணி ஊத்தி, பட்டுச்சேலை கட்டி, பந்தல் போட்டு, மைக்செட் வெச்சு ஊரே சாப்டுச்சு. பெரிய மனுஷி ஆயிட்டா, இனிமே காட்டுக்கெல்லாம் அனுப்பாதீங்கன்னுட்டாங்க. குச்சுக்குள்ள இருந்தா ஆத்தா ஆட்டை ஓட்டிட்டுப் போற சத்தம் காலைல கேக்கும்.

அவ ரொம்ப நேரம் யோசிச்சா. "பதினோரு நாளா? குட்டி சீசன்ல வந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

நான் டீயத் துப்பிட்டேன். சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலி. இங்க 13 வயசுக்குள்ள ட்ராக்டர்ல ஏறவே கூடாதுன்னு சட்டமாம். அவளோட 13வது பொறந்தநாள் காலைல ஏழு மணிக்கு அப்பா சாவிய டோஸ்ட் தட்டுல வெச்சிருந்தாராம். கேக் எதுவும் இல்ல, அம்மா போனதுக்கப்புறம் அந்த வீட்டுல யாருக்கும் கேக் ஞாபகம் வராதாம்.

மூணு மணிக்கு 87ன்னு நம்பர் போட்ட ஒத்தைக்குட்டிக்காரி. தலை பின்னால மடங்கி, காலு மட்டும் வெளிய. இந்தத் தடவை என்னைய விடல, அவளே போனா. கயித்தை உள்ள விட்டு காதுக்குப் பின்னால மாட்டித் தலையத் திருப்பணும், திருப்பினா, வழுக்குச்சு, திருப்பினா. முக்கா மணி நேரம். பெரிய குட்டி, அழகா இருந்துச்சு, செத்துத்தான் வந்துச்சு. காலைப் புடிச்சுச் சுத்தினா, நெஞ்சைத் தேச்சா, இல்ல. ஆடு திரும்பி நக்க ஆரம்பிச்சுருச்சு, ம்ம் ம்ம்னு அடித்தொண்டைல பேசிக்கிட்டே, அந்தச் சத்தத்தைக் கேட்டவங்களுக்குத் தெரியும்.

அவ அழல. அழுவான்னு நெனச்சேன். இடுப்புலேர்ந்து கத்திய எடுத்தா. வெள்ளிக்கெழமை நான் எடுத்த மூணுல ஒண்ணுக்குப் பால் பத்தாம புட்டிலதான் குடிச்சுக்கிட்டிருந்துச்சு, அதைக் கொண்டு வான்னா. நான் தூக்கிட்டு வர்றதுக்குள்ள செத்த குட்டியோட தோலை உரிச்சிருந்தா, சட்டை கழட்டற மாதிரி முழுசா, காலுக்கு நாலு ஓட்டையோட. அதை அந்தச் சின்னதுக்குப் போட்டுவிட்டா. எங்கூர்ல பால்காரர் கன்னு செத்துட்டா தோலுக்குள்ள வைக்கோல அடைச்சு மாட்டு முன்னாடி நிறுத்துவார், அது ஏமாத்துன்னு சின்ன வயசுல அவர்மேல எனக்கு அவ்ளோ கோவம். இங்க தோலுக்குள்ள உயிர் இருக்குது. 87 மோந்து பாத்துச்சு. தலைய மோந்து ஒரு முட்டு, குட்டி உருண்டுருச்சு. வாலை மோந்துச்சு. திரும்ப மோந்துச்சு. ம்ம்.

உரிச்ச குட்டிய ஒரு சாக்குல போட்டுக் கட்டினா. புதைக்கக்கூடாது இங்க, 2003லேர்ந்து சட்டம், வண்டி வந்து எடுத்துட்டுப் போகும். சாக்கைக் கதவுகிட்ட வெச்சுட்டு நின்னப்பதான் எனக்கு ஒறைச்சுது, ராத்திரி பூரா அவ போன் ஒரு தடவகூட அடிக்கல. வாளிலயும் இல்ல, அவ பாக்கெட்லயேதான் இருந்துச்சு. வீட்டைப் பாத்தேன், சமையக்கட்டு லைட் எரியுது, ஜன்னல்ல ஆளு தெரியறார். முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கார்.

அவளும் பாத்தா. ஒண்ணும் சொல்லல, அடுத்த ஆட்டுக்குப் போயிட்டா.

நாள் 6, செவ்வாய்

கெளம்பியாச்சு. பாட்டி ஒரு டப்பா நெறைய ஷார்ட்பிரெட் குடுத்தாங்க, "ஆட்டா"ன்னு அவங்களே தன்னைக் காட்டிச் சொல்லிக்கிட்டாங்க. காலைல தீவனக் கம்பெனி ஆள் ஒருத்தர் வந்து வாசல்ல என்கிட்ட பாஸ் இருக்காரான்னு கேட்டார், நான் பதில் சொல்றதுக்குள்ள உள்ளேர்ந்து அப்பா கத்தினார், "கொட்டாய்ல இருக்கா!"

ரயில்ல ஒக்காந்துதான் இதை எழுதறேன். அப்பாயின்ட்மென்ட்டை ரத்து பண்ணிட்டேன். அண்ணன்கிட்ட இன்னும் சொல்லல, ஊர்ல இப்ப சாயங்காலம், அவனே கூப்பிடுவான்.

வெள்ளி, ஒரு வரி மட்டும்

அவகிட்டேர்ந்து மெசேஜ், போட்டோ இல்ல, எழுத்து மட்டும்: "தோலைக் கழட்டிட்டேன். 87 தள்ளல."